லூக்கா 2:14: வானதூதரின் பாடலில் ஓர் எழுத்து. மூலக் கிரேக்கம் என்ன சொல்கிறது?

வலிகாமம் ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பாடசாலையின் கிறிஸ்மஸ் விழாவான ஒளிவிழாவுக்கு மேடைப் பின்திரை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வழக்கம்போல லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் வானதூதர் பாடிய பாடலைத்தான் எழுதப் போகிறோம். கத்தோலிக்கப் பிள்ளைகள், தென்னிந்தியத் திருச்சபைப் பிள்ளைகள், மெதடிஸ்தப் பிள்ளைகள் எல்லோரும் எங்கள் பாடசாலையில் ஒரே மேடையில் பாடுகிறார்கள். எந்த மொழிபெயர்ப்பை எழுதுவது என்ற பேச்சு ஆசிரியர் அறையில் எழுந்து இன்னும் முடியவில்லை.

நான் வளர்ந்த பழைய மொழிபெயர்ப்பில் வசனம் இப்படி: “உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமையும், பூமியிலே சமாதானமும், மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக.” கத்தோலிக்க ஆசிரியை ஒருவர் 1995ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தைத் திறந்து காட்டினார். அதில் இரண்டே விருப்பங்கள்தான் உள்ளன: உன்னதத்தில் கடவுளுக்கு மாட்சி, உலகில் அவருக்கு உகந்தோருக்கு அமைதி.

தேவன் கடவுளாவதும் மகிமை மாட்சியாவதும் வெறும் நடை வேறுபாடு, அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் “மனுஷர்மேல் பிரியம்” என்ற மூன்றாவது பகுதி எங்கே போனது? “உகந்தோர்” எங்கிருந்து வந்தார்கள்? பின்திரைக்குத் துணி அளந்துகொண்டிருந்த ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள்: “ரீச்சர், தேவதூதர் எல்லா மனிதருக்கும் பாடினார்களா, நல்லவர்களுக்கு மட்டும் பாடினார்களா?” அவளுக்குச் சரியான பதில் சொல்ல விரும்புகிறேன். கிரேக்கம் படித்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

கரம்பொன் எழுதியது:

ரீச்சர், பூசையில் நாங்கள் சொல்லும் வானவர் கீதத்தில் “நன்மனத்தோர்” என்றுதான் வருகிறது. பூசையைத் தாய்மொழிக்கு மாற்ற வழிவிட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன் தீவுப்பகுதிக் கோயில்களில் பாடியவர்களுக்கு இலத்தீனே மனப்பாடம்: “எத் இன் தெர்ரா பாக்ஸ் ஹொமினிபுஸ் போனே வொலுந்தாத்திஸ்.” நல்ல மனம் உடைய மனிதருக்கு உலகில் சமாதானம் என்பது அதன் பொருள். புனித எரோணிமுஸ் நான்காம் நூற்றாண்டின் இறுதியில் திருத்திய பாடம் அது. நீங்கள் வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பைவிடப் பல நூற்றாண்டு மூத்தது. மாணவியிடம் சொல்லுங்கள்: மனம் நல்லதாக இருந்தால் சமாதானம் தேடி வரும்.

வட்டுக்கோட்டை வாசகன் எழுதியது:

ரீச்சர், நீங்கள் தொட்டிருக்கும் இடம் புதிய ஏற்பாட்டுப் பாட ஆய்வில், அதாவது பிரதிகளில் வேறுபடும் சொற்களுள் மூலம் எது என்று தேடும் ஆய்வில், மிகவும் பேசப்பட்ட இடங்களில் ஒன்று. இறையியல் படித்த காலத்தில் இந்த ஒரு வசனத்தோடு நான் நெடுநாள் இருந்தேன். கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இன்று அறிஞர்கள் பயன்படுத்தும் கிரேக்கப் பதிப்புகளில் வசனம் இப்படி ஒலிக்கும்: “தொக்ஸா என் ஹுப்சிஸ்தொய்ஸ் தெயோ, கய் எபி கேஸ் எய்ரேனே என் அந்த்ரோபொய்ஸ் எவ்தொக்கியாஸ்.” கடைசிச் சொல்லைப் பாருங்கள். எவ்தொக்கியா என்றால் பிரியம், விருப்பம், திருவுளம். அதோடு இறுதியில் சிக்மா என்ற எழுத்து சேர்ந்து எவ்தொக்கியாஸ் ஆனால் அது ஆறாம் வேற்றுமை: பிரியத்தின், பிரியத்துக்குரிய. சிக்மா இல்லாவிட்டால் அது எழுவாய்: பிரியம் உண்டாவதாக. ஒரே ஓர் எழுத்து. அது இருந்தால் பாடல் இரண்டு அடி, இல்லாவிட்டால் மூன்று உறுப்பு.

பழைய மொழிபெயர்ப்பு சிக்மா இல்லாத பாடத்திலிருந்து வந்தது. எராஸ்முஸ் 1516இல் பாசல் நகரில் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் வழிவந்த பாடம் அது. அவர் கைக்கு எட்டியவை பிற்காலப் பிரதிகள் சில மட்டுமே. திருவிவிலியம் சிக்மா உள்ள பாடத்திலிருந்து வந்தது. கரம்பொன் அண்ணா சொன்ன இலத்தீனும் அதே பாடம்தான், அதில் அவர் சொல்வது சரி.

இனிப் பிரதிகள். நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும் முதலில் எழுதியவர் சிக்மாவுடன் எழுதியிருக்கிறார். இரண்டிலும் பின்னாளில் கைவைத்த திருத்துநர்கள் அந்த எழுத்தை விலக்கியிருக்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரியப் பிரதியிலும் பேசா பிரதியிலும் சிக்மா உண்டு. மறுபக்கத்தில், பிற்காலப் பைசாந்தியப் பிரதிகளில் மிகப் பெரும்பாலானவற்றில் சிக்மா இல்லை. சிரிய மொழி வேதாகமமான பெஷித்தா “மனுமக்களுக்கு நல்ல நம்பிக்கை” என்று மூன்றாவது உறுப்பாகவே வைத்திருக்கிறது. ஆகவே அதன் பின்னாலும் சிக்மா இல்லாத பாடமே இருந்திருக்க வேண்டும்.

சிக்மா எப்படித் தொலைந்திருக்கும்? அக்காலப் பெரிய எழுத்தில் சிக்மா இளம்பிறை வடிவில் இருக்கும். வரி முடிவில் இடம் போதாவிட்டால் எழுத்தர்கள் எழுத்தைச் சுருக்கி மூலையில் வைப்பார்கள். அடுத்துப் படியெடுப்பவர் கண்ணில் அது படாமல் போவது மிக எளிது. இல்லாத சிக்மாவை ஒருவர் புதிதாகச் சேர்த்திருப்பார் என்பதற்குத்தான் காரணம் காட்டுவது கடினம். ஏனென்றால் “பிரியத்தின் மனிதர்” என்பது கிரேக்கக் காதுக்கு இயல்பான தொடரே அல்ல.

சாவகச்சேரி விசுவாசி எழுதியது:

தம்பி, அமைதியாகவே எழுதுகிறேன். ஆனால் இந்த விஷயம் எனக்கு நெஞ்சுக்கு மிக அருகில் இருக்கிறது.

ஆயிரம் ஆண்டுக்கு மேலாகக் கிரேக்கம் பேசிய திருச்சபையே சிக்மா இல்லாமல்தான் பாடியது. இன்றும் கிரேக்க ஒர்த்தொடொக்ஸ் ஆலயங்களில் காலைத் துதியில் “என் அந்த்ரோபொய்ஸ் எவ்தொக்கியா” என்றே பாடுகிறார்கள். அது அவர்களுடைய தாய்மொழி. எந்தத் தொடர் சரி என்று அவர்களுக்குத் தெரியாமலா போயிற்று? நீங்கள் சொன்ன அலெக்சாந்திரியப் பிரதியை எடுத்துக்கொள்வோம். அதில் சங்கீதங்களின் முடிவில் சேர்த்திருக்கும் காலைத் துதியில் இதே பாடல் சிக்மா இல்லாமல்தான் இருக்கிறது. ஒரே புத்தகத்துக்குள்ளேயே இரண்டு சாட்சி. ஒரு சாட்சியை எடுத்து மற்றதை விடுவது எப்படி நியாயம்?

திருத்துநர்கள் எழுத்தை விலக்கினார்கள் என்று ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள். திருத்துநர் என்பவர் வேறு பிரதியோடு ஒப்பிட்டுப் பிழை களைபவர். அவர் முன்னால் இருந்த பிரதி இதைவிடப் பழையதாக இருந்திருக்கலாம் அல்லவா?

என் தாயார் கண் தெரியாத முதுமையிலும் இந்த வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பின்படியே சொன்னார். “மனுஷர்மேல் பிரியமும்” என்ற சொற்களில் அவர் பிடித்திருந்தது சுவிசேஷத்தின் சாரம். அதை ஓர் எழுத்தைக் காட்டி எடுத்துவிட முடியாது.

ஓலைச்சுவடி எழுதியது:

நான் சைவன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வேதாகமத்தைத் தமிழ் உரைநடைக்காக இளமையிலிருந்து படித்து வருகிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருப்பது பாடபேதம். அது எங்கள் வீட்டுப் பிரச்சினையும்கூட. ஆகவே இடையில் நுழைகிறேன்.

ஏட்டில் எழுதிய தமிழை நினைத்துப் பாருங்கள். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டார்கள். எகரமும் ஏகாரமும் ஒரே வடிவம். காலும் ரகரமும் ஒன்றாகவே தோன்றும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியபோது அவர் முன்னால் கிடந்தவை இப்படிப்பட்ட ஏடுகள்தான். ஒரு புள்ளி எங்கே விழுகிறது என்பதில் ஒரு பாட்டின் பொருளே மாறிவிடும். அவரும் வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்தவர் என்பதை இந்த இழையில் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஏடு பதிப்பித்தவர்கள் கற்றுத் தந்த ஒரு பாடம் இங்கே உதவும். ஏடுகளின் எண்ணிக்கை முக்கியமல்ல. ஒரு தாய் ஏட்டிலிருந்து நூறு ஏடு பிறந்திருந்தால் நூறும் சேர்ந்து ஒரே சாட்சிதான். எந்தப் பாடத்திலிருந்து மற்றப் பாடம் பிறந்திருக்க முடியும் என்றே கேட்க வேண்டும். விளங்காத தொடரைப் படியெடுப்பவர் விளங்கும் தொடராக்குவார். விளங்கும் தொடரை விளங்காததாக ஆக்கமாட்டார். சாவகச்சேரி அம்மா சொன்ன தாய்மொழிக் காரணம் இதனால் மறுபக்கம் திரும்பிவிடுகிறது: கிரேக்கம் நன்கு தெரிந்தவர்களுக்கே “பிரியத்தின் மனிதர்” உறுத்தியிருக்கும், அவர்களே அதைச் சீர்செய்ய விரும்பியிருப்பார்கள்.

இன்னுமொரு செய்தி. ஆறுமுக நாவலர் பெர்சிவல் பாதிரியாரோடு இருந்து உழைத்த வேதாகம மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது. சீனாய்ப் பிரதியை ஜெர்மன் அறிஞர் திஷ்சென்டோர்ஃப் வெளியுலகுக்குக் கொண்டுவந்தது 1859இல். போவர் ஐயரின் தலைமையில் முடிந்த திருத்தம் 1871இல் வந்தது. வேதாகமச் சங்கத்தின் மொழிபெயர்ப்புகள் அப்போது பழைய அச்சுப் பாடத்தையே பின்பற்றின. அவர்கள் எதையும் மறைக்கவில்லை, திரிக்கவும் இல்லை. தங்கள் மேசையில் இருந்த கிரேக்கத்துக்கு உண்மையாக இருந்தார்கள்.

வட்டுக்கோட்டை வாசகன் எழுதியது:

ஐயா, மிக்க நன்றி. எண்ணிக்கையைப் பற்றி நான் எழுத நினைத்ததை உங்கள் ஏட்டு அனுபவம் எவ்வளவோ தெளிவாகச் சொல்லிவிட்டது.

அக்கா, அலெக்சாந்திரியப் பிரதியைப் பற்றிய உங்கள் குறிப்பு மிகச் சரியானது. பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் அந்த இரண்டு இடங்களும் ஒரே தரத்துச் சாட்சி அல்ல. ஒன்று சுவிசேஷத்தின் பாடம், மற்றது ஆலயத்தில் நாள்தோறும் பாடிய துதி. சுவிசேஷத்தை எழுதும்போது எழுத்தர் முன்னால் இருந்ததைப் பார்த்து எழுதினார். துதியை எழுதும்போது சபை பாடிய வடிவம் வந்தது. நாள்தோறும் வாயில் ஒலிக்கும் பாடல் பிரதியைத் திருத்தத் தூண்டும். திருத்துநர்களின் கையை நான் அப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்.

இப்போது வாக்கிய அமைப்புக்கு வருவோம். பிரதிகளைவிட என்னை அசைத்தது இதுதான். கிரேக்கத்தில் “கய்” என்ற இணைப்புச் சொல் ஒரே ஒருமுறைதான் வருகிறது: மகிமை என்ற பகுதிக்கும் சமாதானம் என்ற பகுதிக்கும் நடுவில். பிரியத்துக்கு முன்னால் அது இல்லை. மூன்று உறுப்புகள் இருந்திருந்தால் மூன்றாவது எந்த இணைப்பும் இல்லாமல் அந்தரத்தில் தொங்குகிறது. தமிழில் படிக்கும்போது அந்தக் குறை தெரியாது, ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர்கள் மகிமையும், சமாதானமும், பிரியமும் என்று மூன்றுக்கும் உம்மை கொடுத்துவிட்டார்கள். எண்ணும்மை வந்தவுடன் வாக்கியம் பிசிறில்லாமல் ஓடுகிறது. அழகான தமிழ். மூலத்தில் அந்த மூன்றாவது உம்மைக்கு இடமில்லை.

சிக்மாவோடு படித்தால் இரண்டு அடிகளும் எதிரெதிரே வந்து நிற்கின்றன. மகிமைக்கு எதிரே சமாதானம். உன்னதங்களில் என்பதற்கு எதிரே பூமியில். தேவனுக்கு என்பதற்கு எதிரே பிரியத்துக்குரிய மனிதரிடத்தில். எபிரேயச் சங்கீதங்களைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்த இணை உடனே காதில் விழும். லூக்கா 19:38ஐயும் பாருங்கள். எருசலேமுக்குள் நுழையும்போது சீஷர்கள் பாடுவதும் இரண்டே உறுப்பு: “பரலோகத்திலே சமாதானமும் உன்னதத்திலே மகிமையும்.”

கரம்பொன் எழுதியது:

அப்படியானால் எங்கள் “நன்மனத்தோர்” நிலைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா, தம்பி? எவ்தொக்கியா மனிதரின் நல்ல மனத்தையும் குறிக்கும். பிலிப்பியர் 1:15இல் பவுல் அதே சொல்லைத்தான் எழுதுகிறார். பழைய மொழிபெயர்ப்பே அதை “நல்மனதினாலும்” என்று தருகிறது. ரோமர் 10:1இலும் அது பவுலின் மன விருப்பம்.

லூக்காவிலேயே ஒரு சான்று தருகிறேன். 10:6இல் இயேசு சீடர்களை அனுப்பும்போது, அந்த வீட்டில் சமாதான பாத்திரன் இருந்தால் நீங்கள் கூறின சமாதானம் அவனிடத்தில் தங்கும், இல்லாவிட்டால் உங்களிடத்திற்கே திரும்பிவரும் என்கிறார். ஏற்கும் மனம் வேண்டும் என்பது இங்கே வெளிப்படையாகவே இருக்கிறது. மனிதர் பக்கத்தில் ஒன்றுமே தேவையில்லை என்று ஆக்கிவிடாதீர்கள்.

வட்டுக்கோட்டை வாசகன் எழுதியது:

அண்ணா, 10:6ஐ நீங்கள் எடுத்தது இந்த விவாதத்தில் வந்த மிக வலுவான எதிர்வாதம். அந்த இடத்தில் கிரேக்கம் “ஹுயொஸ் எய்ரேனேஸ்”, சமாதானத்தின் மகன். அதுவும் எபிரேய வழக்கில் அமைந்த ஆறாம் வேற்றுமைதான். 16:8இல் வரும் “அநீதியுள்ள உக்கிராணக்காரன்” கிரேக்கத்தில் அநீதியின் உக்கிராணக்காரன். ஆகவே “பிரியத்தின் மனிதர்” என்ற தொடர் லூக்காவின் எழுத்துக்கு அந்நியமல்ல.

ஆனால் அந்தப் பிரியம் யாருடையது? பவுல் எழுதிய இடங்களைக் கொண்டு லூக்காவை அளக்க வேண்டியதில்லை, அவரே போதிய சான்று தருகிறார். எவ்தொக்கியா அவருடைய சுவிசேஷத்தில் இன்னும் ஒரே இடத்தில்தான் வருகிறது, 10:21இல்: “ஆம், பிதாவே, இப்படிச் செய்வது உம்முடைய திருவுளத்துக்குப் பிரியமாயிருந்தது.” அதன் வினைவடிவம் 3:22இல் யோர்தான் கரையில் கேட்ட குரலில் வருகிறது: “உம்மில் பிரியமாயிருக்கிறேன்.” 12:32இல் ராஜ்யத்தைக் கொடுக்கப் “பிதா பிரியமாயிருக்கிறார்.” மூன்று இடத்திலும் பிரியப்படுகிறவர் தேவன். சங்கீதங்களின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அப்படியே: 5:12இல் நீதிமானைச் சூழும் காருணியம் என்னும் கேடகம், 51:18இல் சீயோனுக்கு நன்மைசெய்யும் “உமது பிரியம்”, இரண்டும் எவ்தொக்கியாதான். எபிரேயத்தில் அது “ராட்சோன்”.

இதற்கு மேலும் ஒரு சான்று இருபதாம் நூற்றாண்டில் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. 1947 முதல் சாக்கடல் அருகே கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில் நன்றிப் பாடல்களின் சுருள் ஒன்று உண்டு. அதில் “அவருடைய பிரியத்தின் மக்கள்” என்ற தொடர் எபிரேயத்தில் அப்படியே இருக்கிறது. இயேசுவின் காலத்தை ஒட்டிய யூதர்கள் எழுதி வைத்த தொடர். கிரேக்கத்தில் பொருந்தாது என்று சிலர் ஒதுக்கியது, யூதரின் வாயில் வழங்கிய தொடராக இருந்திருக்கிறது. அங்கே “அவருடைய” என்ற சொல் வெளிப்படையாகவே உண்டு. லூக்காவில் அது இல்லை, ஆனால் பொருள் அதுதான்.

ஆகவே என் முடிவை நேராகச் சொல்கிறேன். இலத்தீன் மரபு எழுத்தைக் காத்தது. ஆனால் “போனே வொலுந்தாத்திஸ்” என்பது காலப்போக்கில் மனிதரின் நல்ல மனம் என்று படிக்கப்பட்டு, பிரியம் கைமாறிவிட்டது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அந்த எழுத்து இல்லாத பாடத்தைப் பெற்றது; ஆனால் பிரியம் தேவனிடமிருந்து மனிதர்மேல் வருகிறது என்ற திசையைத் தவறவிடவில்லை. அக்காவின் தாயார் பற்றிக்கொண்ட சாரம் மூலத்திலும் அப்படியே இருக்கிறது.

குருநகர்ப் பிள்ளை எழுதியது:

எல்லாவற்றையும் கவனமாகப் படித்தேன். பிரதிகளைப் பற்றி எனக்குப் பேசத் தெரியாது. ஆனால் ரீச்சரின் மாணவி கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்று நினைக்கிறேன்.

சமாதானம் என்ற சொல்லை எதிர்பார்த்து இந்த மண்ணில் எத்தனை பேர் காத்திருந்தார்கள். வானொலிச் செய்தியில் அந்தச் சொல் வந்தால் வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். தேவன் தெரிந்தெடுத்த சிலருக்கு மட்டும் சமாதானம் என்று வானதூதர் பாடினார்கள் என்றால், இடம்பெயர்ந்து கூடாரத்தில் கிறிஸ்மஸ் கொண்டாடிய ஒரு தாய்க்கு அதை எப்படி வாசித்துக் காட்டுவது? நான் அந்தச் சிலரில் ஒருத்தியா என்றல்லவா அவர் கேட்பார்? “மனுஷர்மேல் பிரியமும்” என்றபோது அந்தக் கேள்விக்கே இடமில்லை. இதை உங்கள் மனதைப் புண்படுத்தக் கேட்கவில்லை, அண்ணா. உண்மையாகவே கேட்கிறேன்.

சாவகச்சேரி விசுவாசி எழுதியது:

பிள்ளை, நான் சொல்லத் தெரியாமல் நின்றதை நீ சொல்லிவிட்டாய்.

வட்டுக்கோட்டை வாசகன் எழுதியது:

தங்கை, இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கும்ரான் சான்று உண்மையில் அதைக் கூர்மையாக்குகிறது. அந்தச் சுருள்களை எழுதியவர்கள் “அவருடைய பிரியத்தின் மக்கள்” என்று தங்கள் கூட்டத்தையே சொன்னார்கள். உலகின் மற்றவர்கள் இருளின் மக்கள் என்று எழுதி, வனாந்தரத்தில் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் அவர்கள்.

லூக்கா அந்தத் தொடரை எங்கே வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். நான்கு வசனம் முன்னால் தூதன் சொல்கிறான்: “எல்லா ஜனத்துக்கும் மிகுந்த சந்தோஷத்தை உண்டாக்கும் நற்செய்தி.” யாரிடம் சொல்கிறான்? இரவில் வயல்வெளியில் மந்தை காத்த மேய்ப்பரிடம். அவர்கள் நன்மனம் உடையவர்கள் என்றோ, நீதிமான்கள் என்றோ, ஜெபித்துக்கொண்டிருந்தார்கள் என்றோ லூக்கா ஒரு சொல்கூட எழுதவில்லை. முதல் அதிகாரத்தில் சகரியாவையும் எலிசபெத்தையும் அறிமுகப்படுத்தும்போது அவர்களுடைய நீதியைச் சொன்னவர், மேய்ப்பரைப் பற்றி அவர்கள் வேலையை மட்டும் சொல்கிறார். பிரியம் போய் இறங்கிய இடம் அது. மூன்றாம் அதிகாரத்தில் அதே வினைச்சொல் திரும்ப வரும்போது இயேசு எங்கே நிற்கிறார்? “ஜனங்களெல்லாரும்” ஞானஸ்நானம் பெற்ற அதே ஆற்றங்கரையில், பாவிகளின் வரிசையில்.

ஆகவே, அந்தத் தாய் உங்களிடம் கேட்டால், வானதூதர் ஒரு பட்டியலைப் படிக்கவில்லை, தேவனுடைய பிரியம் பூமியில் மனிதரிடம் வந்துவிட்டது என்று அறிவிக்கிறார்கள், அது வந்த இடத்தில் சமாதானம் உண்டு என்கிறார்கள் என்று நான் சொல்வேன். யாருக்கு இல்லை என்று பாடல் சொல்லவே இல்லை. வெளியே நிற்கிறவர்களைப் பற்றிய பேச்சை அதற்குள் நாம்தான் கொண்டுவருகிறோம்.

கரம்பொன் எழுதியது:

தம்பி, மேய்ப்பரைப் பற்றி நீங்கள் சொன்னது என் மனதைத் தொட்டது. ஆனாலும் அவர்கள் எழுந்து போனார்களே! 2:15இல் “வாருங்கள், பெத்லகேமுக்குப் போவோம்” என்று ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு தீவிரமாய்ப் போனார்கள். பிரியம் முந்தியது என்பதை ஏற்கிறேன். அதற்கு எழுந்து நடந்த மனத்தை நன்மனம் என்று சொல்வதில் தவறில்லை என்பதே என் நிலைப்பாடு. எங்கள் பாடலில் அந்தச் சொல் இருப்பதை நான் இந்தப் பொருளில் நேசிக்கிறேன்.

ஓலைச்சுவடி எழுதியது:

“உகந்தோர்” என்ற சொல்லுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். “அவருக்கு உகந்தோர்” என்றால் இன்றைய வாசகர் காதில் “அவருக்குப் பொருத்தமானவர்கள், தகுதியுடையவர்கள்” என்றே விழும். உகத்தல் என்பதன் பழைய பொருள் மகிழ்தல், விரும்புதல். அவர் உகந்தவர்கள் என்றால் அவர் விரும்பி மகிழ்ந்தவர்கள். “அவருக்கு உகந்தோர்” என்பதில் நான்காம் வேற்றுமை வந்தவுடன் பாரம் மனிதர் பக்கம் சாய்கிறது. “அவர் உகந்தோர்” என்று எழுவாயாக்கினால் பிரியப்படுகிறவர் யார் என்பதில் ஐயமே எழாது. ஒரு “உக்கு” செய்யும் வேலை அது. மாணவர்களுக்கு இலக்கணம் எதற்கு என்று கேட்பவர்களிடம் இந்த இழையைக் காட்டலாம்.

சாவகச்சேரி விசுவாசி எழுதியது:

ஐயா, தம்பி, எல்லோருக்கும் நன்றி. நான் என் நிலையை மாற்றவில்லை. இத்தனை பிரதிகள், சிரியத் திருச்சபை, கிரேக்கத் திருச்சபை எல்லாம் ஒருமுகமாகக் காத்து வந்த பாடத்தை, பின்னால் திருத்தப்பட்ட இரண்டு பழைய பிரதிகளின் முதல் கையெழுத்தை நம்பிக் கைவிட எனக்கு மனமில்லை. ஆனால் பிரியம் தேவனுடையது என்பதில் தம்பியும் நானும் ஒரே பக்கம் நிற்கிறோம் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி. ரீச்சர், நீங்கள் எதை எழுதினாலும் அடிக்குறிப்பாக மற்றப் பாடத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அடிக்குறிப்பு இல்லாத வேதாகமங்களே எங்களை இவ்வளவு காலம் இருட்டில் வைத்தன.

வலிகாமம் ஆசிரியை எழுதியது:

இவ்வளவு அக்கறையோடு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டேன்.

மாணவியிடம் இன்று பேசினேன். “நல்லவர்களுக்கு மட்டும் அல்ல, தேவன் தம் பிரியத்தை வைத்த மனிதருக்கு, முதலில் அதைக் கேட்டவர்கள் மந்தை காத்தவர்கள்” என்றேன். உடனே, “அப்படியென்றால் மேய்ப்பராக நடிக்கிறவர்கள் பாடல் முடியும்வரை மேடையிலேயே நிற்க வேண்டும், ரீச்சர்” என்றாள். வழக்கமாகத் தூதர்கள் பாடும்போது மேய்ப்பரைத் திரைக்குப் பின்னால் அனுப்பிவிடுவோம். இந்த முறை அவர்கள் நிற்பார்கள்.

பின்திரையில் கிரேக்க அடியைப் பெரிய எழுத்தில் எழுதி, அதன்கீழ் இரண்டு மொழிபெயர்ப்புகளையும் அருகருகே தரத் தீர்மானித்திருக்கிறோம். பழைய மொழிபெயர்ப்பைச் சாவகச்சேரி அக்கா சொன்னபடி முழுமையாக விட்டுவைக்கிறேன். சித்திரம் கற்பிக்கும் ஆசிரியர் கிரேக்க எழுத்துகளைப் பழைய பிரதியில் உள்ள வடிவத்திலேயே வரைய விரும்புகிறார். அந்தப் பக்கத்தின் படத்தை எங்கே பார்க்கலாம், தம்பி?

வட்டுக்கோட்டை வாசகன் எழுதியது:

ரீச்சர், சீனாய்ப் பிரதி முழுவதும் 2009 முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பெரும்பகுதி இருப்பது இலண்டன் பிரித்தானிய நூலகத்தில். 1933இல் சோவியத் அரசிடமிருந்து விலைக்கு வாங்கியது. தளத்தில் லூக்கா, இரண்டாம் அதிகாரம், பதினான்காம் வசனம் என்று தெரிவுசெய்தால் பக்கம் திறக்கும். ஒரு பக்கத்தில் நான்கு பத்திகள் இருக்கும், சொற்களுக்கிடையே இடைவெளி இருக்காது. படத்தைப் பெரிதாக்கி, சொல்லின் கடைசியில் இருக்கும் பிறை வடிவ எழுத்தைத் தேடச் சொல்லுங்கள். சித்திர ஆசிரியர் இன்றைய அச்சுச் சிக்மாவை வரைந்துவிடாமல் அந்தப் பிறையையே வரையட்டும். வரைந்ததைத் துணியில் ஏற்றுமுன் படமெடுத்து இங்கே போடுங்கள். எழுத்துகளை ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.